பல் காத்த பெருந்தகை

நுழையும்முன்

உடலின் உறுப்புகளுள் மிக வலியது பல். எனினும் ஒருமுறை சிதைந்தால் தானே வளர்ந்து சீராகாததும் அதுவே. சிதைந்த பல்லைப் பிடுங்கி எறிவதே மருத்துவம் என்றிருந்த காலத்தில், அதனைக் காத்து நிலைநிறுத்தும் கல்வியை இந்திய மண்ணில் ஊன்றியவர் மருத்துவர் இரபியுதீன் அகமது. கைப்பொருள் கொண்டு கல்லூரி கண்டு, அதனை நாட்டுக்கே ஈந்த அப்பெருந்தகையின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சங்கும் பல்லும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரை, பாம்பன், இராமேசுவரம் கடற்பகுதிகளில் மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுப்போர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மன்னார் வளைகுடாவில் எடுக்கப்பட்ட சங்குகள் மரக்கலங்களிலும் பின்னர் நீராவிக் கப்பல்களிலும் ஏற்றப்பட்டு வங்கத்திற்குச் சென்றன. டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்த கைவினைஞர் அவற்றை வாளால் அறுத்து, அரத்தால் தேய்த்து, வங்க மகளிர் அணியும் வளையல்களாக்கினர். இங்ஙனம் தென்கோடிக் கடற்கரையும் வங்கமும் சங்கினால் இணைந்திருந்தன.

சங்கின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. நம் பல்லின் வெளியுறையும் சுண்ணாம்புச் சத்தும் பாசுபரமும் கலந்து இறுகியதே. எனாமல் எனப்படும் அவ்வுறையைத் தமிழில் பற்சிப்பி என்று வழங்குவது மிகப் பொருத்தமானது. சங்கு, பற்சிப்பி ஆகிய இரண்டையும் அமிலம் அரிக்கும். ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கடலடியில் உயிரோடிருக்கும் சங்கு, தன் ஓட்டின் விளிம்பு உடைந்தால் புதிய ஓட்டினைச் சுரந்து அதனைச் சீராக்கிக்கொள்ளும். பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்களோ பல் முளைத்து வெளிவந்தவுடன் அழிந்துவிடுகின்றன. ஆதலின், குழி விழுந்த பல் மீண்டும் தானே நிரம்புவதில்லை; மனிதக் கையே அதனைச் செப்பனிட வேண்டும். அச்செப்பனிடும் கலையைக் கற்கக் கடல் கடந்து சென்றவர் அகமது.

இளமையும் கல்வியும்

இரபியுதீன் அகமது 1890ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கிழக்கு வங்கத்தில் பிறந்தார். வில்லோபி மில்லர் என்னும் அறிஞர், வாயிலுள்ள நுண்ணுயிரிகள் உணவின் மாவுப்பொருளையும் இனிப்பையும் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன என்பதை விளக்கிய நூல் வெளிவந்ததும் அதே 1890இல்தான். பல்லைப் புழு தின்கிறது என்னும் பழைய நம்பிக்கை தளர்ந்து, பல் மருத்துவம் அறிவியலாக மலர்ந்த காலம் அது.

அலிகரில் 1908இல் பட்டம் பெற்ற அகமது, மறு ஆண்டே அமெரிக்காவுக்குப் பயணமானார். அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1915இல் பட்டம் பெற்றார். அதன்பின் பாசுடன் நகரில் சிறுவர்களுக்கெனத் தொடங்கப்பட்டிருந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் 1918வரை பணியாற்றினார். வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளும் தேர்ந்த மருத்துவம் பெற்ற இடம் அது. பல் மருத்துவம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று, ஊரார்க்கெல்லாம் உரியது என்பதை அவர் அங்கே நாள்தோறும் கண்கூடாகக் கண்டார்.

பறிப்பதா? காப்பதா?

அகமது பயின்ற ஆண்டுகளில் அமெரிக்கப் பல் மருத்துவம் பெரும் மாற்றம் கண்டிருந்தது. சிகாகோவில் பேராசிரியராக விளங்கிய ஜி.வி.பிளாக், சொத்தையை எவ்வளவு அகற்றுவது, குழியை எவ்வடிவில் செதுக்குவது, எதனைக் கொண்டு அடைப்பது என்பவற்றை வரையறுத்து 1908இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் வில்லியம் டேகர்ட் என்பார், பல்லின் குழிக்கு அளவாகப் பொன்னை வார்க்கும் முறையை அறிமுகம் செய்திருந்தார்.

டேகர்ட்டின் முறை தமிழர்க்குப் புதியதன்று. பல்லின் குழிக்குப் பொருந்தும் மெழுகு உருவைச் செய்து, அதனைச் சுற்றிச் சாந்து பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உருகிய பொன்னைச் செலுத்துவதே அம்முறை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உருவானதும், சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் படிமங்களை வார்ப்பதும் இதே மெழுகு வார்ப்பு நெறியால்தான். அரிசியளவு குழிக்குள் மயிரிழையும் பிசகாமல் பொருந்தவேண்டும் என்பதே பல் மருத்துவர்முன் இருந்த அறைகூவல்.

பல் காக்கும் மருத்துவத்தில் பல படிகள் உள்ளன. சிறு குழியாயின் சொத்தையைச் சுரண்டி எடுத்து, பாதரசமும் வெள்ளியும் கலந்த கலவையாலோ பல்நிறப் பசைப்பொருளாலோ அடைத்துவிடலாம். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் மலைமுகடுகள் போன்ற மேடுகள் உள்ளன. குழி அகன்று, அம்முகடுகளின் சுவர் மெலிந்துவிட்டால், வெறும் அடைப்புப் போதாது. மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தால் அடைப்பே ஆப்புப்போல் இறங்கிப் பல்லைப் பிளந்துவிடக்கூடும். அந்நிலையில் நலிந்த முகடுகளையும் மேலிருந்து மூடிக் காக்கும் ஒரு பதிப்பினைத் தனியே செய்து ஒட்டுவர். இதனை ‘ஆன்லே’ என்பர். மேற்பதிப்பு எனத் தமிழில் கூறலாம். முகடுகளுக்கு இடைப்பட்ட குழியை மட்டும் நிரப்புவது ‘இன்லே’ எனும் உட்பதிப்பு. பல் முழுவதையும் கவிந்து மூடுவது, மக்கள் வழக்கில் ‘கேப்’ எனப்படும் பல்லுறை.

பல்லுறை அணிவிக்கப் பல்லைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். மேற்பதிப்புக்கோ சிதைந்த பகுதியையும் வலுவிழந்த முகடுகளையும் மட்டும் செதுக்கினால் போதும். நலமான பகுதி அப்படியே எஞ்சும். மருத்துவர் பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து, அவ்வச்சின்படி பதிப்பினைச் செய்வித்து, மறுமுறை நோயாளி வரும்போது பொருத்தி ஒட்டுவார். தொடக்கத்தில் பொன்னால் செய்யப்பட்ட இப்பதிப்புகள் இன்று பீங்கானாலும் பல்நிறச் செயற்கைப் பொருளாலும் செய்யப்படுகின்றன. பொருள்கள் மாறினும் நோக்கம் மாறவில்லை. உள்ளதில் நல்லதை இழக்காமல், இழந்ததை மட்டும் ஈடுசெய்வதே அந்நோக்கம்.

குளிர்பானக் கடையும் கல்லூரியும்

அகமது 1919இல் தாயகம் திரும்பினார். அன்றைய இந்தியாவில் பல் மருத்துவம் கற்பிக்க ஒரு கல்லூரியும் இல்லை. முறையாகக் கற்க விரும்பியோர் அயல்நாடு செல்ல வேண்டியிருந்தது. எளிய மக்கள் பல்வலி வந்தால் கைமருந்தை நாடினர். அது தீராதபோது சந்தையிலும் தெருவோரத்திலும் குறடு கொண்டு பல் பிடுங்குவோரிடம் சென்றனர். சிறு குழியோடு காத்திருக்கக்கூடிய பல்லும் இவ்வாறு பறிபோயிற்று. நாட்டு மக்களின் பெருந்தொகைக்கு, கைவிரல் எண்ணிக்கையிலான மருத்துவர் எவ்வாறு போதுவர்? தாம் ஒருவராகவே பல்லாயிரம் பற்களைச் செப்பனிட்டாலும் அது கடலில் கரைத்த பெருங்காயமே என்பதை அகமது உணர்ந்தார். மருத்துவம் செய்வதைக் காட்டிலும் மருத்துவரை உருவாக்குவதே தலையாய பணி எனத் துணிந்தார்.

துணிவு இருந்தது, பொருள் இல்லை. அரசின் கை நீளும்வரை காத்திருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. கல்கத்தாவில் ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்னும் பெயரில் குளிர்பானக் கடை ஒன்றை நடத்தினார். அமெரிக்க நகரங்களில் அவர் கண்ட வணிகமுறை அது. அக்கடையின் வருவாயைக் கொண்டு 1920இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். இனிப்புப் பானம் பல்லுக்குப் பகையாவது உண்மை. அப்பானம் விற்ற பொருளே பல்லுக்கு அரணாக அமைந்ததும் உண்மை.

தொடக்கத்தில் மாணவர் மிகச் சிலரே சேர்ந்தனர். பல் பிடுங்குவதற்கும் ஒரு படிப்பா என்னும் ஏளனம் ஒருபுறம். பட்டம் பெற்றாலும் மதிப்புக் கிடைக்குமா என்னும் ஐயம் மறுபுறம். மருத்துவ வருவாயைத் தமக்கென வைத்துக்கொண்டிருப்பின் அவர் பெருஞ்செல்வராகியிருக்கலாம். அவரோ ஈட்டியதைக் கல்லூரியின் கருவிகளுக்கும் கட்டடத்திற்கும் ஈந்தார். மகளிர் உயர்கல்வி அரிதாயிருந்த அந்நாளில் அக்கல்லூரியின் கதவு அவர்களுக்கும் திறந்திருந்தது. முகம்மது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா இங்குப் பயின்று, 1923இல் பம்பாயில் பல் மருத்துவமனை தொடங்கினார்.

தொழிலுக்குத் தகுதி

கல்லூரி நிறுவியதோடு அகமதின் பணி முடிந்துவிடவில்லை. கற்றவர் தம்முள் கலந்துரையாட அமைப்பு வேண்டும். புதியன அறிய இதழ் வேண்டும். பயில்வோர்க்கு நூல் வேண்டும். போலிகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும். இந்நான்கினையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பெற்றார். 1925இல் வங்கப் பல் மருத்துவர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதுவே பின்னாளில் இந்தியப் பல் மருத்துவச் சங்கமாக வளர்ந்தது. அதே ஆண்டில் பல் மருத்துவ இதழைத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1928இல், பல்லைச் செதுக்கி அடைத்துச் செப்பனிடும் மருத்துவம் பற்றி மாணவர்க்கான கையேடு ஒன்றை வெளியிட்டார்.

தகுதியற்றோர் கையில் பொதுமக்கள் துன்புறுவதைத் தடுக்கச் சட்டமே வழி என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். வங்கத்தில் 1939இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948இல் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. இதனால் தகுதி பெற்றோர் பதிவு செய்யப்பட்டனர். கல்லூரிகளின் தரத்தை வரையறுக்க இந்தியப் பல் மருத்துவக் குழுவும் அமைந்தது.

ஈகையும் பொதுவாழ்வும்

தாம் வளர்த்த கல்லூரியை அகமது 1949இல் மேற்கு வங்க அரசுக்கு நன்கொடையாக ஒப்படைத்தார். முப்பதாண்டு உழைப்பின் பயனை எவ்விதத் தயக்கமுமின்றி மக்கள் உடைமையாக்கிய செயல் அது. தம் வாழ்நாளுக்குப் பின்னும் கல்லூரி நிலைக்க வேண்டுமாயின் அது தனியொருவர் தோளில் நில்லாமல் நாட்டின் தோளில் நிற்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கல்கத்தா மாநகராட்சியின் உறுப்பினராகப் பணியாற்றிய பட்டறிவும் அவருக்கு உண்டு. மருத்துவர் பி.சி.ராயின் அமைச்சரவையில் வேளாண்மை, கூட்டுறவு உள்ளிட்ட துறைகளின் பொறுப்பேற்றுப் பல்லாண்டுகள் தொண்டாற்றினார். 1964இல் இந்திய அரசு பத்மபூசண் விருதளித்துச் சிறப்பித்தது. 1965இல் அவர் மறைந்தார். கல்கத்தாவிலுள்ள அக்கல்லூரி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் பிறந்த திசம்பர் 24ஆம் நாள் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நிலைத்த பயன்

சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. பின்னர் அது தனிக் கல்லூரியாயிற்று. இன்று தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. எனினும், பல்வலி பொறுக்க முடியாத அளவு முற்றிய பின்னரே மருத்துவரை நாடும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. சொத்தை பற்சிப்பியைக் கடந்து உள்ளிருக்கும் பற்கூழை எட்டும்வரை பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை. வலி தோன்றியபோது எளிய அடைப்புக்குரிய காலம் கடந்திருக்கும். வேர் சிகிச்சையோ பல்லை இழப்பதோ நேரும். சங்கு எடுக்கும் ஊரிலும், உப்பு விளையும் ஊரிலும், மீன்பிடி ஊரிலும் உள்ள ஒரு குழந்தையின் சிறு குழி உரிய காலத்தில் அடைக்கப்படுமாயின், அப்பல் முதுமைவரை பயன் தரும்.

சிதைந்ததை எறிந்துவிடுதல் எளிது. எஞ்சியதைக் காத்தல் அரிது. அவ்வரிய செயலுக்கு அறிவும் பொறுமையும் பொருளும் வேண்டும். அம்மூன்றையும் தம்மிடமிருந்து எடுத்து நாட்டுக்கு அளித்தவர் இரபியுதீன் அகமது.

தெரிந்து தெளிவோம்

மனித உடலின் மிகக் கடினமான பொருள் பற்சிப்பி. அதனடியில் டென்டைன் என்னும் பற்திசுவும், நடுவில் நரம்பும் குருதிக் குழாய்களும் கொண்ட பற்கூழும் உள்ளன. சொத்தை பற்சிப்பியில் மெல்லப் பரவும். டென்டைனை அடைந்தபின் விரைந்து பரவும்.

கற்பவை கற்றபின்...

1. சங்கின் ஓட்டையும் மனிதப் பல்லையும் ஒப்பிட்டு, ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊர் முதியோரிடம், அவர்தம் இளமையில் பல்வலிக்கு மேற்கொண்ட மருத்துவமுறைகளைக் கேட்டறிந்து தொகுத்து எழுதுக.
3. ‘உருவாக்கியதை ஊருக்கு ஈதல்’ என்னும் தலைப்பில் அகமதின் வாழ்வை முன்வைத்து வகுப்பறையில் உரை நிகழ்த்துக.