ஜாம் சாகிப் ரஞ்சித்சிங்ஜி

அறுவடை முடிந்த வயல்வெளியிலே தென்னை மட்டையைத் துடுப்பாக்கிக் கிரிக்கெற் ஆடாத வாலிபர் எம்மூரில் அரியர். அவ்விளையாட்டை ஆங்கிலேயருக்கே புதுமையாக ஆடிக்காட்டிய இந்திய அரசகுமாரர் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கத்தியவார் நாட்டுச் சரோதர் என்னும் சிற்றூரில், 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் 10 ஆந் திகதி ரஞ்சித்சிங்ஜி பிறந்தார். நவாநகர் மன்னர் விபாஜி 1878 இல் அவரைத் தத்தெடுத்தார். ஆயின் 1882 இல் மன்னருக்கு ஒரு மகன் பிறக்கவே, சிறுவரின் முடியுரிமை கைநழுவிற்று. நாடற்ற இளவரசராய் 1888 இல் இங்கிலாந்து சென்று, கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்றார்.

1893 இல் கேம்பிறிட்ஜ் அணியிலும் 1895 இல் சசெக்ஸ் அணியிலும் இடம்பெற்றார். 1896 இல் அவுஸ்திரேலியருக்கெதிராக லோட்ஸில் நடந்த முதற் போட்டிக்கு அவர் தெரிவு செய்யப்படவில்லை. மான்செஸ்ரரில் நடந்த அடுத்த போட்டியில் இடங்கிடைத்ததும், முதலில் 62, பின்னர் ஆட்டமிழக்காது 154 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 22 இல் யோர்க்ஷயர் அணிக்கெதிராக ஒரே நாளில் இரு சதங்கள் அடித்தார். உடலை நோக்கி வரும் பந்தை மணிக்கட்டின் மெல்லசைவால் காற்புறமாகப் பின்னே திருப்பிவிடும் முறை அவராற் புகழ்பெற்றது. பலத்தாலே சாதிப்பதைப் பிறர் நம்பியிருக்க, அவர் நுட்பத்தாலே சாதித்தார். இங்கிலாந்துக்காக 15 ரெஸ்ற் போட்டிகளில் 989 ஓட்டங்கள் குவித்தார்.

விபாஜியின் மகன் 1906 இல் இறந்தமையால், 1907 மார்ச்சில் ரஞ்சி அரியணை ஏறினார். பேடித் துறைமுகத்தை விருத்தி செய்து நாட்டின் வருவாயைப் பெருக்கினார். முதலாம் உலக யுத்த காலத்தில், 1915 இல், வேட்டையில் நேர்ந்த விபத்தினால் ஒரு கண்ணை இழந்தார். பின்னர் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்தார்; சுதேச மன்னர் சபையின் அதிபராகவும் விளங்கினார். 1933 ஏப்ரில் 2 இல் ஜாம்நகரில் தேகவியோகமானார்.

அவர் வாழ்வில் ஒரு குறையும் உண்டென்பதை நாம் மறைத்தலாகாது. 1932 இல் இந்தியா தன் முதலாவது ரெஸ்ற் போட்டியை ஆடியபோது அவர் உயிருடன் இருந்தார்; எனினும் இந்தியக் கிரிக்கெற்றின் வளர்ச்சிக்கு அவர் செய்தது சொற்பமே. அவர் சகோதரரின் மகன் துலீப்சிங்ஜியும் இங்கிலாந்துக்கே ஆடினார். ஆங்கிலேய ஆட்சியின் ஆதரவிலே முடி நிலைத்த மன்னருக்கு அதற்கு மாறாக நிற்றல் எளிதன்று என்பர். அது காரணமாகலாம், சமாதானமாகாது என்பதே எங்கருத்து.

விதியின் விநோதம் பாருங்கள்! 1934 இல் பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் அளித்த கிண்ணம் ரஞ்சியின் பெயரையே தாங்கியது. அதன் முதற் போட்டி சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. தாய்நாட்டுக்கு அவர் கொடாததை அவர் பெயர் கொடுத்து வருகின்றது.

வாலிபர்காள்! வெளியூர் சென்று கற்கும் நாம் அவரது முயற்சியைப் பின்பற்றுவோம். பெற்ற வித்தையைப் பிறந்த மண்ணுக்கு நம் வாழ்நாளிலேயே வழங்குவோம்.