எட்வர்டு ஜென்னர்

பெரியம்மை என்னும் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்நோய் அரண்மனை என்றும் குடிசை என்றும் பாராமல் புகுந்தது. அதன் வாய்ப்பட்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மாண்டனர். பிழைத்தவருள் பலர் முகமெங்கும் தழும்புற்றனர்; சிலர் கண்ணொளி இழந்தனர். குழந்தைகளையே அது மிகுதியாகக் கொள்ளை கொண்டது. அக்கொடு நோயினின்றும் உலகம் விடுபட வழி கண்டவர் எட்வர்டு ஜென்னர் ஆவார்.

இங்கிலாந்து நாட்டில் பெர்க்லி என்னும் சிற்றூரில் 1749-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் ஜென்னர் பிறந்தார். அவர்தம் தந்தையார் அவ்வூரின் கிறித்தவ சமயகுரு. ஐந்தாம் வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அவரைத் தமையனார் வளர்த்தார்.

பெரியம்மை வாராமல் தடுப்பதற்கு அந்நாளில் ஒரு முறை வழங்கிற்று. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது நீரை எடுத்து, நோயற்றவரின் தோலைக் கீறி உட்செலுத்துவர். பெரும்பாலும் அவருக்கு நோய் எளிதாகக் கண்டு மறையும். மீண்டும் அவரை அணுகாது. ஆயினும் சிலர் அதனாலேயே உயிர் துறந்தனர். அவர்களிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவதும் உண்டு.

பள்ளிச் சிறுவராயிருந்த ஜென்னருக்கும் எட்டாம் வயதில் இவ்வாறே அம்மை குத்தினர். அதற்கு முன்னர்ப் பல வாரங்கள் அவருக்குப் போதிய உணவு அளிக்கவில்லை. பேதிக்குக் கொடுத்து, குருதியையும் வடித்தனர். பின்னர் ஒரு கொட்டிலில் பிற சிறுவரோடு அடைத்து வைத்தனர். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் நெடுநாள் உறக்கமின்றி வருந்தினார். பேரொலி கேட்டால் துணுக்குற்றார்.

வளர்ந்தபின் ஜென்னர் இலண்டன் சென்று, ஜான் ஹன்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் பயின்றார். எதனையும் ஆராய்ந்து பார்த்தே தெளிதல் வேண்டும் என்பதை அவரிடம் கற்றார். நகரில் தங்கிப் பொருளீட்ட விரும்பாமல், தம் ஊருக்கே திரும்பி மருத்துவம் செய்தார்.

பசுவின் மடியில் தோன்றும் மாட்டம்மை பால் கறப்போரின் கைகளிலும் சில வேளைகளில் பற்றும். அவ்வாறு பற்றியவரைப் பெரியம்மை தீண்டாது என்பது சிற்றூர் மக்களின் நம்பிக்கை. இதனை நம்பித் தம் வீட்டார்க்கு மாட்டம்மை குத்திய உழவரும் இருந்தார். கற்றோர் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஜென்னரோ பல்லாண்டுகள் இதனை ஆராய்ந்தார்.

1796-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், சாரா நெல்ம்சு என்னும் பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்சு பிப்சு என்னும் ஏழைச் சிறுவனின் கையைக் கீறிச் செலுத்தினார். அவனுக்கும் வயது எட்டே! சில நாள் சிறு காய்ச்சல் கண்டு அவன் நலமுற்றான். சூலை மாதத்தில் அவனுக்குப் பெரியம்மை நீரையே செலுத்திப் பார்த்தார். கருத்துப் பிழைத்திருப்பின் சிறுவனின் உயிருக்கே கேடு நேர்ந்திருக்கும். இத்தகைய சோதனையைக் குழந்தையிடம் செய்ய இக்காலத்து நெறிகள் இடம் தாரா. நற்பேறாக, பிப்சை நோய் தீண்டவில்லை.

ஜென்னர் எழுதிய கட்டுரையை இலண்டன் அரச கழகம் வெளியிட மறுத்தது. அவர் மனந்தளராமல் மேலும் பலருக்குக் குத்தி ஆராய்ந்து, 1798-இல் தாமே நூலாக வெளியிட்டார். மாட்டம்மை குத்திக்கொண்டவருக்குக் கொம்பு முளைக்கும் என்று சிலர் எள்ளி நகையாடினர். எனினும் உண்மை வென்றது. 1802-ஆம் ஆண்டிலேயே அம்மைப்பால் பம்பாய்க்கும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு அங்கு அது குத்தப்பெற்றது.

ஜென்னர் தம் முறையை மறைத்து வைத்துச் செல்வம் திரட்டவில்லை. தம் தோட்டத்துச் சிறு குடிலில் ஏழைகட்கு இலவசமாக அம்மை குத்தினார். பிப்சு வாழ ஒரு வீடும் அளித்தார். 1823-ஆம் ஆண்டு சனவரி மாதம் 26-ஆம் நாள் அவர் மறைந்தபோது, இறுதிச் சடங்கிற்கு வந்தோருள் பிப்சும் ஒருவர்.

பலர் நெருங்கியிருக்கும் பள்ளியில் ஒரு குழந்தையின் நோய் பலரையும் பற்றும். ஆதலின் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலம், அம்மை குத்திக்கொண்ட பின்னரே பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர வேண்டும் என 1855-இல் சட்டம் இயற்றியது. பின்னர்ப் பிற நோய்களுக்கும் தடுப்பு மருந்துகள் தோன்றின; பள்ளியில் சேரும் குழந்தைக்குத் தடுப்பூசிச் சான்று கேட்கும் வழக்கமும் பல நாடுகளில் பரவிற்று. பெரியம்மையோ உலகினின்றே ஒழிந்தது என 1980-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் அறிவிக்கப்பெற்றது.

கொட்டிலில் அடைபட்டு வருந்திய சிறுவர் ஒருவர், பிற்காலச் சிறுவர் எவரும் அத்துன்பம் அடையாவண்ணம் செய்தார். தடுப்பூசி தரும் நோவு நொடிப்பொழுதினது. அது நம்மை மட்டுமன்றி, அருகில் அமர்ந்திருக்கும் தோழரையும் காக்கின்றது. இதனை உணர்ந்து நடத்தலே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.