எழுபது சட்டத்தரணிகளில் ஒருவர்: தந்தை செல்வாவின் கடைசி வழக்கு

1976 பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளம் ஜும்ஆப் பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அன்றைய தேசிய அரசுப் பேரவையில் அதைக் கண்டித்துப் பேசியவர் புத்தளத்துக்காரரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அவர் காங்கேசன்துறையின் பிரதிநிதி, கிறிஸ்தவர். நடுக்குவாத நோயால் குரல் மங்கி, செவிப்புலனும் குறைந்துபோன 77 வயது முதியவர். சா. ஜே. வே. செல்வநாயகம்.

அதே ஆண்டின் நடுப்பகுதியில் அவர் கொழும்பில் ஒரு நீதிமன்றத்துக்கும் போனார். பள்ளிவாசல் பேச்சை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர் அந்த வழக்கை மறந்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் பிடிபடுவார் என்பது என் எண்ணம்.

1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தெல்லிப்பழைக்கு வந்தார். விஞ்ஞானப் பட்டதாரியாகி ஆசிரியராக இருந்து, பிறகு சட்டம் படித்தார். குற்றவியல் வழக்குகளில் சாட்சியைக் குறுக்கு விசாரணையால் திணறடித்துப் பேர் எடுத்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். செல்வநாயகமோ காணி, சொத்து, ஆவணங்கள் என்று சிவில் வழக்குகளில் ஊறியவர். உறுதியின் ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பழகிய அந்தக் கண்தான் பிறகு அரசியலுக்கும் வந்தது. 1957இல் பண்டாரநாயக்கவுடனும் 1965இல் டட்லி சேனாநாயக்கவுடனும் ஒப்பந்தம் எழுதினார். இரண்டையும் தென்னிலங்கை கைவிட்டது.

மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் பொன்னம்பலத்தோடு முரண்பட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லை அந்தக் கட்சி விடாமல் பயன்படுத்தியது. முஸ்லிம்களையும் அணைத்துக்கொள்ளும் சொல் அது. புத்தளம் அவருக்குத் தூரத்து ஊராகத் தெரியாததற்கு இதுவே காரணம். அந்தச் சொல்லுக்கு என்ன நடந்தது என்பது இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது புத்தளத்திலும் கற்பிட்டியிலும்தான்.

சட்டத்தின் மறுபக்கத்தையும் செல்வநாயகம் அனுபவித்திருந்தார். 1961 சத்தியாக்கிரகத்தின்போது அவசரகாலச் சட்டத்தில் கைதாகி, பனாகொடை இராணுவ முகாமில் ஏறக்குறைய ஆறு மாதம் கிடந்தார். குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை. வழக்கே இல்லாதபோது எந்த நீதிமன்றத்தில் எதைத் தள்ளுபடி செய்யக் கேட்பது?

1976இல் வழக்கு இருந்தது. மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு வாரம் கழித்து, குடியரசு தினத்தை ஒட்டித் துண்டுப்பிரசுரம் விநியோகித்த தமிழ்த் தலைவர்கள் யாழ்ப்பாணத்தில் கைதானார்கள். அவர்களில் அ. அமிர்தலிங்கம், வி. என். நவரத்தினம், க. பொ. இரத்தினம், க. துரைரத்தினம் ஆகிய நால்வர் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். யூரர் இல்லாத விசாரணை. அவசரகால விதிகளின் கீழ் மூன்று நீதிபதிகள் கூடிய ட்ரயல்-அட்-பார்.

எதிரிகளுக்காக ஏறக்குறைய எழுபது தமிழ்ச் சட்டத்தரணிகள் மன்றில் எழுந்தார்கள். செல்வநாயகம் அவர்களில் ஒருவர். கால் நூற்றாண்டுக்கு மேல் அரசியல் எதிரியாக இருந்த பொன்னம்பலமும் அதே வரிசையில் நின்றார். வாதத்தை முன்னெடுத்தவர்கள் பொன்னம்பலமும் மு. திருச்செல்வமும். தலைவர் என்று கொண்டாடப்பட்டவர் அங்கே பேச்சால் பெரிதாக எதையும் செய்யவில்லை. அந்த உடம்போடு வந்து அமர்ந்திருந்ததே அவர் செய்தது. அது சிறிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

பிரசுரத்தில் என்ன எழுதியிருந்தது, யார் கொடுத்தார் என்ற பேச்சுக்கே அவர்கள் போகவில்லை. சாட்சி விசாரணைக்கு முன்பே ஆட்சேபனை எழுப்பினார்கள். 1971 மார்ச்சில் பிரகடனமான அவசரகால நிலை, 1972 யாப்பு வந்த பின்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. அந்த விதிகள் செல்லுபடியாகாதவை, ஆகவே இந்த மன்றுக்கு விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்றார்கள். 1972 யாப்பே செல்லாது என்ற வாதமும் வைக்கப்பட்டது. அந்த யாப்பின் கீழ் இயங்கும் நீதிபதிகளிடமே அதைச் சொன்னார்கள். தனிநாடு கோரித் தீர்மானம் எழுதிய கையோடு, கைவிட்ட அரசின் நீதிமன்றத்தில் வழக்காடுவதா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சிறையில் இருப்பவனுக்கு அந்த நேரம் கிடைக்கிற வாசல் நீதிமன்றம் ஒன்றுதான்.

யாப்பு பற்றிய வாதத்தை மன்று ஏற்கவில்லை. அவசரகால விதிகள் பற்றிய ஆட்சேபனையை ஏற்றுக்கொண்டது. நால்வரும் விடுவிக்கப்பட்டனர். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லுபடியானவை என்றது. சட்ட நூல்களின்படி பார்த்தால் அரசு வென்ற வழக்கு இது. ஆயினும் அரசாங்கம் வழக்கை மேலே கொண்டுசெல்லவில்லை. நால்வர் மீதும் பிறகு விசாரணை நடக்கவே இல்லை.

வாதிட்டவர்கள் நெடுநாள் இருக்கவில்லை. திருச்செல்வம் 1976 நவம்பரில் காலமானார். பொன்னம்பலம் 1977 பெப்ரவரியில் மலேசியாவில் இறந்தார். செல்வநாயகம் ஏப்ரல் 26இல் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அவசரகால நிலை இல்லாமலே ஆளைப் பிடித்து வைக்கவும், பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கவும் அது வழி செய்தது. 1976இல் எழுப்பிய ஆட்சேபனைக்கு அதில் இடமில்லை.

அந்தச் சட்டத்தில்தான் 2020 மே மாதம், புத்தளத்தில் கற்பித்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஆசிரியர் கைதானார். நவரசம் என்ற கவிதை நூல் எழுதியவர். ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். வழக்கு அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் ஓடியது. 2023 டிசம்பர் 12ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது.