இரட்டையாட்சியும் கேள்வி நேரமும்: தீரர் சத்தியமூர்த்தியின் சட்டமன்ற வாழ்வு

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது அரசாங்கம் இரண்டாகப் பகுக்கப்பட்டது. நிதி, காவல், நீதி, நிலவரி, பாசனம் ஆகியவை ஆளுநரிடமும் அவருடைய நிருவாகக் குழுவினரிடமும் ஒதுக்கப்பட்டன. கல்வி, பொதுச் சுகாதாரம், மருத்துவம், உள்ளாட்சி, வேளாண்மை, தொழில், ஆயத்தீர்வை ஆகியவை சட்டமன்றத்துக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களுக்கு மாற்றித் தரப்பட்டன. ஆரணியைச் சூழ்ந்த பட்டு நெசவூர்களுள் ஒன்றான பெரணமல்லூர் போன்றதோர் ஊரில் குடிமக்கள் அரசாங்கத்தை நாள்தோறும் எதிர்கொண்ட இடங்களான தொடக்கப்பள்ளி, மருந்தகம், சாலை, குடிநீர்க் கிணறு ஆகியன பெரும்பாலும் அமைச்சர்தம் பொறுப்பில் அமைந்தவை. அவற்றுக்கான பணமோ நிதித்துறை உறுப்பினரின் கையில் இருந்தது. பணிக்கு ஒருவரும் பணத்துக்கு மற்றொருவரும் பொறுப்பாக இருந்த இவ்வமைப்பில் யாரை நோக்கிக் கணக்குக் கேட்பது என்பதே முதற்சிக்கல். இச்சிக்கலைத் தம் பொதுவாழ்வின் மையப்பொருளாக்கிக் கொண்டவருள் தலையாயவர் சு. சத்தியமூர்த்தி.

சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். தந்தையார் சுந்தர சாஸ்திரி வழக்கறிஞர். புதுக்கோட்டை மகாராசா கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டம் முடித்துச் சென்னையில் வழக்கறிஞரானார். சுகுண விலாச சபையின் நாடகங்களில் நடித்தவர். மேடையில் பழகிய அக்குரல் பின்னர் மன்றத்திலும் பயன்பட்டது. 1919இல் காங்கிரசுத் தூதுக்குழுவில் ஒருவராக இலண்டன் சென்றார். அரசியல் சீர்திருத்தங்களை ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக்குழுவின் முன் இந்தியர் தரப்பை எடுத்துரைப்பது அக்குழுவின் பணி. எந்தச் சட்டத்தின் குறைகளைச் சுட்டிக்காட்டச் சென்றாரோ அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்திலேயே அவர் பிற்காலத்தில் அமர நேர்ந்தது.

ஒத்துழையாமை இயக்கத்தின் காரணமாக 1920ஆம் ஆண்டுத் தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. நீதிக்கட்சி வென்று அமைச்சரவை அமைத்தது. மாகாண மக்கள்தொகை நான்கு கோடிக்கு மேற்பட்டது. வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12.5 இலட்சம். சொத்தும் வரியும் வாக்குரிமைக்குத் தகுதிகளாயிருந்தமையால் நெசவாளரிலும் உழவுக் கூலிகளிலும் மிகப்பலர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். ஆயினும் உப்பு முதல் கள் வரை அவர்கள் வாங்கிய பொருள்களின்மேல் விதிக்கப்பட்ட வரி அரசாங்கக் கருவூலத்தைச் சென்றடைந்தது. வாக்கில்லாதவர் செலுத்திய பணத்துக்கு மன்றத்தில் யார் கணக்குக் கேட்பது? மன்றத்தை விட்டு விலகி நிற்பதால் இவ்வினாவுக்கு விடை கிடைக்காது என்று கருதியவர்கள் 1923இல் சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் தொடங்கிய சுயராஜ்யக் கட்சியில் திரண்டனர். சத்தியமூர்த்தி அவர்களுள் ஒருவர். அவ்வாண்டே அவர் சென்னைச் சட்டமன்றத்துள் நுழைந்தார். 1930 வரை அங்கு உறுப்பினராயிருந்தார்.

அம்மன்றத்தின் அதிகார எல்லையை அறிந்தாலன்றி அவர் அங்கு ஆற்றிய பணியை மதிப்பிட இயலாது. மன்றம் மானியக் கோரிக்கைகளை விவாதிக்கலாம், குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால், ஒதுக்கப்பட்ட துறைக்கான மானியத்தை மன்றம் மறுத்தால், அச்செலவு தம் பொறுப்பை நிறைவேற்ற இன்றியமையாதது என்று சான்றளித்து ஆளுநர் அதனை மீட்டுக்கொள்ளலாம். செலவினத்தின் ஒரு பகுதி வாக்கெடுப்புக்கே வாராதது. பொதுக்கணக்குக் குழு ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் நிதித்துறை உறுப்பினரே. செலவிட ஒப்புதல் தந்தவரே செலவைத் தணிக்கை செய்யும் குழுவுக்கும் தலைமை தாங்கிய இந்த ஏற்பாடு, பொறுப்பாட்சி என்னும் சொல்லுக்கு அன்றைய அரசாங்கம் கொண்ட பொருளைத் தெளிவாகவே காட்டுகிறது.

மற்றொரு சுமையும் இருந்தது. மெஸ்டன் குழுவின் பரிந்துரைப்படி மாகாணங்கள் இந்திய அரசுக்கு ஆண்டுதோறும் 983 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. அதில் சென்னையின் பங்கு மட்டும் 348 இலட்சம். பம்பாயின் பங்கு 56 இலட்சம். வங்காளத்தின் பங்கு 63 இலட்சம். நிலவரியைப் பெரிதும் சார்ந்த மாகாணம் என்பதால், அவ்வரி மாகாணக் கணக்கில் சேர்ந்தபோது சென்னையின் வருவாய் உயர்ந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டு, அதற்கேற்ப அதன் சுமையும் ஏற்றப்பட்டது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சென்றிருக்க வேண்டிய பணம் இவ்வாறு தில்லிக்குச் சென்றது. 1920களின் பிற்பகுதியில் இச்செலுத்துதொகை நீக்கப்படும்வரை, மாற்றப்பட்ட துறைகளின் ஏழ்மைக்கு அமைச்சர்களை மட்டும் குறைகூறுவது முழு நியாயமாகாது. எதிர்க்கட்சியினர் இதனை எப்போதும் நினைவில் கொண்டு பேசினர் என்று சொல்வதற்கில்லை.

1923 இறுதியில் பனகல் அரசரின் அமைச்சரவைமீது கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65 என அது தோற்றது. அமைச்சரவையை வீழ்த்தும் வழி அடைபட்ட நிலையில் எஞ்சியவை சிறு கருவிகளே: வினா, துணைவினா, வெட்டுத் தீர்மானம். மானியத்தில் ஒரு சிறு தொகையைக் குறைக்க வேண்டுமென முன்மொழிந்து, அதனை வாயிலாகக் கொண்டு ஒரு துறையின் நிருவாகம் முழுவதையும் விவாதத்துக்கு உட்படுத்தும் முறை வெட்டுத் தீர்மானம். இக்கருவிகளைச் சத்தியமூர்த்தி பிறரினும் நுட்பமாகக் கையாண்டார். எழுத்தில் தரப்பட்ட வினாவுக்கு அதிகாரிகள் ஆயத்தம் செய்த விடை வந்துவிடும். அவ்விடையின் மழுப்பலைப் பற்றிக்கொண்டு எழும் துணைவினாவுக்கு ஆயத்தவிடை கிடையாது. அவருடைய வலிமை அவ்விடத்தில்தான் வெளிப்பட்டது.

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 41 இடங்களைப் பெற்றுச் சுயராஜ்யக் கட்சி தனிப்பெருங்கட்சியாயிற்று. எனினும் இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்னும் அகில இந்தியக் கொள்கைக்குக் கட்டுப்பட்டு அமைச்சரவை அமைக்க மறுத்தது, ப. சுப்பராயன் முதலமைச்சரானார். செலவிடும் அதிகாரத்தை ஏற்காமல் செலவை மட்டும் வினவும் நிலை எத்துணை நாள் நீடிக்கும் என்ற ஐயம் சத்தியமூர்த்தியிடம் வேரூன்றியதற்கு இவ்வாண்டுகளின் பட்டறிவு காரணமாதல் வேண்டும். பின்னர்க் காங்கிரசுக்குள் பதவியேற்பை வற்புறுத்தியோருள் அவர் முன்னணியில் நின்றார்.

கணக்குக் கேட்கும் அவருடைய ஆர்வத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அதனை மறைப்பது வரலாற்றுக்கு அறமன்று. நீதிக்கட்சி அரசு 1922இல் இந்து அறநிலைய மசோதாவைக் கொண்டு வந்தது. கோயில் சொத்தின் வருவாயும் செலவும் பொதுவான மேற்பார்வைக்கு உட்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். 1925இல் சட்டமாகி, வழக்குகளைச் சந்தித்து, 1927ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமாக அது நிலைபெற்றது. அரசாங்கத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் விளக்கம் கேட்ட சத்தியமூர்த்தி இதனை எதிர்த்தார். சமயத்தில் அரசு தலையிடலாகாது என்பது அவர் நிலைப்பாடு. அன்னிய அரசு ஒன்றன் கையில் கோயிலை ஒப்படைக்க அஞ்சிய அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆயினும் அறங்காவலர் கையிலிருந்த பெருஞ்செல்வமும் ஒருவகைப் பொதுப்பணமே என்பதை அவர் ஏற்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மன்றத்தில் மேற்கொண்ட தேவதாசி ஒழிப்பு முயற்சிக்கும் அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். அரசாங்கத்தின் கணக்கில் அவருக்கிருந்த கூர்மை, மரபின் கணக்கில் மழுங்கியது.

1930இல் மன்றத்தை விட்டு விலகிச் சிறை புகுந்தார். 1934இல் சென்னை நகரத் தொகுதியில் ஆ. இராமசாமி முதலியாரை வென்று மத்தியச் சட்டசபை சென்றார். புலாபாய் தேசாய் தலைமையில் காங்கிரசுக் கட்சியின் துணைத்தலைவரானார். அங்குப் பாதுகாப்புச் செலவு வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டிருந்தது. தோற்கடிக்கப்பட்ட நிதி மசோதாவையும் தலைமை ஆளுநர் சான்றளித்து நிறைவேற்றிக்கொள்ளலாம். சென்னையில் பயின்ற துணைவினாக் கலையே அங்கும் அவருக்குக் கைகொடுத்தது.

1937இல் மாகாண சுயாட்சி வந்தது. சென்னைச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. பதவியேற்புக்காக வாதாடிய சத்தியமூர்த்திக்கு இராசாசி அமைச்சரவையில் இடமில்லை. பல்கலைக்கழகத் தொகுதியை அவர் முன்னரே இராசாசிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அமைச்சர்கள் மாதம் 500 ரூபாய் ஊதியம் பெற்றதும், சேலத்தில் மதுவிலக்கு வந்ததும், ஆயத்தீர்வை இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனைவரி விதிக்கப்பட்டதும் அவருடைய பங்கேற்பின்றி நிகழ்ந்தவை.

அவர் பொறுப்பேற்றுச் செலவிடும் இடத்துக்கு வந்தது ஒரே ஒரு முறை. 1939இல் சென்னை மாநகராட்சி மேயரானார். மேயர் பதவி பெருமைக்குரியதே ஆயினும், நிருவாக அதிகாரம் மாகாண அரசு அமர்த்திய ஆணையரிடமே இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் போர் மூண்டது. அக்டோபர் இறுதியில் காங்கிரசு அமைச்சரவை விலகியது. மாகாணம் ஆளுநரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. நகரத்திலோ குடிநீர்ப் பற்றாக்குறை. கொசத்தலை ஆற்றின் வெள்ளநீரைப் பூண்டியில் தேக்கிச் செங்குன்றம் ஏரிக்கு அனுப்பும் திட்டத்துக்கு மாகாண அரசின் இசைவு தேவை. போர்க்காலத்தில் இத்தகைய செலவுக்கு இடமில்லை என்பது ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் கருத்து. வாழ்நாளெல்லாம் அரசாங்கத்தின் செலவைக் கேள்விக்குட்படுத்தியவர் இப்போது அதே அரசாங்கத்தைச் செலவு செய்யுமாறு வேண்டி நின்றார். வெட்டுத் தீர்மானம் இங்கே பயன்படாது. வீழ்த்துவதற்கு அமைச்சரவையும் இல்லை. விடாது வற்புறுத்துதல் ஒன்றே வழி. ஆளுநர் இறுதியில் இணங்கினார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

1942 ஆகஸ்டில் மீண்டும் கைதானார். மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பயணத்தில் அவருடைய முதுகுத்தண்டில் காயம் ஏற்பட்டது. அதிலிருந்து அவர் மீளவில்லை. 1943 மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னாளில் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயரிடப்பட்டது. பெரணமல்லூரும் தன் பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதியைப் பெற்று, அனைவர் வாக்காலும் உறுப்பினரை அனுப்பும் காலம் வருவதற்கு அப்போது இன்னும் ஆண்டுகள் பல இருந்தன. நீர்த்தேக்கம் திறக்கப்பட்ட நாளில் சென்னை மாகாணத்தில் ஆளுநர் ஆட்சியே நடந்தது. 1946 வரை சட்டமன்றம் கூடவில்லை. அந்த அணைக்கு ஆன செலவைப் பற்றி அரசாங்கத்திடம் ஒரு துணைவினா எழுப்ப அம்மன்றத்தில் ஒருவரும் இல்லை.