உலகம் சுற்றிய ஒளிப்படக் கலைஞர் ஏ.கே. செட்டியார்

1985ஆம் ஆண்டு பிரிவினைக்கு முன்பு விருதுநகரும் சிவகாசியும் காரைக்குடியும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்து ஊர்களாக இருந்தன. அம்மாவட்டத்தில், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், 1911 நவம்பரில் பிறந்தவர் அ. கருப்பன் செட்டியார். ஏ.கே. செட்டியார் என்ற பெயராலேயே தமிழுலகம் அவரை அறியும்.

வானம் பார்த்த பூமியில் பிறந்தோர் கடல் கடந்து பொருள் தேடுவது அக்கால வழக்கம். நகரத்தார் பலரைப் போலவே செட்டியாரும் பர்மா சென்றார். ஆனால் அங்கே அவர் கைக்கொண்டது பத்திரிகைத் தொழில். ரங்கூனில் வெளிவந்த ‘தன வணிகன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தார். பின்னர்ப் புகைப்படக் கலையை முறையாகப் பயிலும் வேட்கையால் ஜப்பானின் டோக்கியோவுக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் நியூயார்க்குக்கும் சென்று பயின்றார்.

1937 அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற ‘சமேரியா’ கப்பலில் செட்டியாருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அண்ணலின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக ஆக்கவேண்டும் என்பதே அது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுகூட நிறையவில்லை. பெரும் பொருளும் இல்லை. அரசின் ஆதரவும் இல்லை.

அவர் மேற்கொண்ட பணி விந்தையானது. தம் கருவியால் புதிதாகப் பிடிப்பதைவிட, பிறர் முன்பே பிடித்தவற்றைத் தேடித் திரட்டுவதே அதில் பெரும்பகுதி. முப்பது ஆண்டுகளில் நூறு படப்பிடிப்பாளர்கள் எடுத்த காட்சிகள் பல நாட்டுச் செய்திப்பட நிறுவனங்களில் சிதறிக் கிடந்தன. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என அலைந்து 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். அதைச் சுருக்கி 12,000 அடியாக்கினார். உலகப் போர் மூண்டிருந்த வேளையில், 1940 ஆகஸ்டில், ‘மகாத்மா காந்தி’ தமிழ் விவரணையோடு சென்னையில் திரையிடப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவமும் வெளியாயிற்று.

அக்காலப் படச்சுருள் வெடிபஞ்சின் இனத்தைச் சேர்ந்த நைட்ரேட்டால் ஆனது. பட்டாசு மண்ணில் வாழ்வோர்க்கு அதன் குணத்தை விளக்க வேண்டுவதில்லை. தீப்பற்றினால் அணையாது, பற்றாவிடினும் காலத்தால் நைந்து பொடியாகும். இத்தனை பாடுபட்டு உருவாக்கிய தமிழ்ப் படம் நெடுங்காலம் காண்பதற்கே கிடைக்காமற் போயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஆங்கில வடிவம் மட்டும் மீண்டது.

நிலைத்தது எழுத்தே. 1943 முதல் நாற்பது ஆண்டுகள் ‘குமரி மலர்’ இதழைச் செட்டியார் நடத்தினார். பழைய நூல்களிலும் ஏடுகளிலும் மறைந்துகிடந்த அரிய செய்திகளைத் தேடி எடுத்து அதில் மறுபதிப்புச் செய்தார். படச்சுருளைத் திரட்டிய அதே கை, தமிழர் மறந்த தாள்களையும் திரட்டியது. பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தொகுத்தார், தாமும் எழுதினார். சிறு வாக்கியம், அடங்கிய நகை, மிகையற்ற சொல் ஆகியன அவர் நடையின் இயல்புகள். காந்திப் படம் உருவான கதையையும் அவ்விதமே எழுதினார். அக்கட்டுரைகள் அவர் மறைவுக்குப் பின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என நூலுருப் பெற்றன.

உலகம் சுற்றிய அக்கலைஞர் தம்மைப் பற்றிப் பேசுவதை விரும்பியவரல்லர். எத்தனையோ முகங்களைப் படமாக்கிய அவருடைய முகத்தைக் காட்டும் படங்கள் மிகச் சிலவே. 1983 செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார்.

பிறர் ஆக்கியதைத் தேடிக் காப்பதும் படைப்பே என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். ஆயினும் அவர் காத்ததைக் காக்கத் தமிழகம் தவறியது. அச்சுக்குப் பேர்பெற்ற இவ்வட்டாரத்தில் எழுதுவோரும் பதிப்போரும் நெஞ்சிற்கொள்ள வேண்டிய செய்தி அது.