செத்த மீன் உயிரோடு வந்த கதை
மீனுக்காக 14 ஆண்டு தவம் கிடந்த ரசாயனப் பேராசிரியர்

தபாலில் ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரு மீனின் படம் இருந்தது. கையால் அவசரமாகப் போட்ட படம்.

அன்று 1939ஆம் ஆண்டு ஜனவரி 3ந் தேதி. தென் ஆப்பிரிக்காவில் நைஸ்னா என்ற கடலோர ஊரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார், பேராசிரியர் ஸ்மித். படத்தைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அவரால் நம்ப முடியவில்லை.

ஏனென்றால், அந்த மீன் உலகத்திலேயே கிடையாது! அந்த இனம் பூண்டோடு அழிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்று எல்லா விஞ்ஞானிகளும் முடிவு கட்டியிருந்தார்கள். பாறைகளில் பதிந்துபோன எலும்பு அடையாளம்தான் மிச்சம். அதற்கு "சீலகாந்த்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

செத்துப்போன இனத்தைச் சேர்ந்த மீன், கப்பல் வலையில் சிக்கியிருக்கிறது என்றது கடிதம்.

தூண்டில் பைத்தியம்

ஜேம்ஸ் லியோனார்டு பிரையர்லி ஸ்மித் 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 26ந் தேதி கிராஃப்-ரெய்னட் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தூண்டில் மீது ஆசை.

முதலாவது உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். மலேரியாவை வாங்கிக்கொண்டு திரும்பினார். அப்போது கெட்ட உடம்பு கடைசி வரை சரியாகத் தேறவில்லை.

கேம்பிரிட்ஜில் 1922ஆம் ஆண்டு ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கிரகாம்ஸ்டவுனில் இருந்த ரோட்ஸ் கல்லூரியில் ரசாயனம் போதித்தார். மீனைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. புத்தகங்களைப் படித்தும், பிடித்த மீன்களை அறுத்துப் பார்த்தும் தாமாகவே கற்றுக்கொண்டார். பெயர் தெரியாத மீன் கிடைத்தால் அவருக்கு எழுதிக் கேட்பது பக்கத்து ஊர்ப் பொருட்காட்சி சாலைகளுக்கு வழக்கமாகிவிட்டது.

அப்படி எழுதியவர்களில் ஒருவர்தான் மார்ஜரி லாட்டிமர். வயது 31. ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக நகரத்தில் சின்னப் பொருட்காட்சி சாலை ஒன்றைக் கவனித்து வந்த பெண்மணி.

கழிசலில் கிடந்த நீல மீன்

கடலின் அடியை அரித்துக்கொண்டு போகும் பெரிய வலையை ஒரு கப்பல் இழுத்தால், வேண்டிய மீனும் வரும், வேண்டாத மீனும் வரும். விலை போகாததைக் கழிசல் என்று ஒதுக்குவார்கள். நெரைன் என்ற கப்பலின் தலைவர் கூசன், இந்தக் கழிசலில் விசித்திரமாக ஏதாவது இருந்தால் லாட்டிமருக்காக எடுத்து வைப்பார்.

1938 டிசம்பர் 22ந் தேதி கப்பல் கரைக்கு வந்தது. மாலுமிகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லப் போனார் லாட்டிமர். குவியலுக்கு அடியில் ஒரு நீலத் துடுப்பு நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தார். 5 அடி நீளம். 57 கிலோ எடை. நீல நிற உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். கவசம் போன்ற செதில்கள். துடுப்புகளோ குட்டையான கை, கால்களைப் போல் சதைப்பற்றோடு இருந்தன.

நாற்றம் பிடித்த மீனை ஏற்ற டாக்சிக்காரர் முணுமுணுத்தார். பிணக் கிடங்கில் வைக்க இடம் கேட்டார் லாட்டிமர். மறுத்துவிட்டார்கள். குளிர் கிடங்கிலும் மறுத்துவிட்டார்கள். பொருட்காட்சி சாலையின் தலைவரே இது சாதாரண மீன் என்று சிரித்தார். டிசம்பர் அங்கே கோடை காலம். மீன் அழுக ஆரம்பித்தது. வேறு வழியில்லை. தோலை மட்டும் பாடம் செய்தார்கள். குடலும் செவுளும் குப்பைக்குப் போயின.

எலும்பையும் செவுளையும் காப்பாற்றும்படி ஸ்மித் தந்தி அடித்தார். தந்தி வரும் முன்பே எல்லாம் போய்விட்டது.

ஸ்மித்துக்கு இரவில் தூக்கம் இல்லை. உள்ளதைச் சொன்னால் உலகம் நம்புமா? தவறாக இருந்தால் பெயர் கெடுமே! ரசாயன வாத்தியாருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேலி செய்வார்களே!

பிப்ரவரி 16ந் தேதி மீனை நேரில் பார்த்தார். சந்தேகம் தீர்ந்தது. மார்ச் மாதம் லண்டன் "நேச்சர்" பத்திரிகையில் எழுதினார். மீனுக்கு லாட்டிமரின் பெயரையே சூட்டினார். அது பெருந்தன்மை மட்டும் அல்ல. நியாயமும்கூட.

100 பவுன் பரிசு

தோல் இருந்தது. உள்ளே இருந்தது எதுவும் இல்லை. இன்னொரு மீன் வேண்டும்!

இடையில் போர் வந்தது. போர் முடிந்ததும் ஸ்மித் ரசாயனத்தைக் கைவிட்டு மீன் ஆராய்ச்சியிலேயே முழுவதும் இறங்கினார். மனைவி மார்கரெட்டும் கூடவே அலைந்தார். மீன்களைப் படம் வரைந்து கொடுத்தவர் அவர்தான். மீனின் படத்தோடு, பிடித்தவருக்கு 100 பவுன் பரிசு என்று 3 மொழிகளில் துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக் கடற்கரை நெடுகப் பரப்பினார்கள்.

ஆண்டுகள் ஓடின. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 24. ஊருக்குத் திரும்பும் கப்பலில் இருந்தார் ஸ்மித். டர்பன் துறைமுகத்தில் அவருக்கு ஒரு தந்தி காத்திருந்தது. கொமொரோ தீவுகளில் மீன் கிடைத்துவிட்டது!

தந்தி கொடுத்தவர் எரிக் ஹன்ட் என்ற கப்பல் வியாபாரி. மீனைப் பிடித்தவர் அகமதி அப்துல்லா என்ற மீனவர். அதை அறுத்து விற்கும் சமயத்தில் ஓர் உபாத்தியாயர் பார்த்தார். பிரசுரத்தில் உள்ள மீன் இதுதான் என்று தடுத்தார்.

மீன் அழுகும் முன் போயாக வேண்டும். விமானம் இல்லை. ஸ்மித் துணிந்து பிரதம மந்திரி மலானுக்கே டெலிபோன் செய்தார். மலான், கறுப்பர்களை ஒதுக்கி வைக்கும் சட்டங்களால் உலகத்தின் வெறுப்பைச் சம்பாதித்தவர். பரிணாமக் கொள்கையிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ராணுவ விமானம் கொடுத்தார்.

29ந் தேதி தீவில் இறங்கினார் ஸ்மித். மீனின் பக்கத்தில் மண்டியிட்டார். 55 வயதுக்காரர் எல்லோர் முன்னிலையிலும் அழுதுவிட்டார்.

தீவுக்காரர்களுக்கு அது புது மீனே அல்ல. "கொம்பெஸ்ஸா" என்று பெயர் வைத்திருந்தார்கள். இரவில் தோணியில் போய், எண்ணெய்ச் சத்துள்ள வேறொரு மீனுக்காக ஆழத்தில் தூண்டில் விடுவார்கள். கூடவே இதுவும் மாட்டும். கறி ருசிக்காது. அதன் சொரசொரப்பான செதிலைக் கொண்டு சைக்கிள் டியூபைத் தேய்த்துப் பஞ்சர் ஒட்டுவார்களாம்!

வயிற்றுக்குள் என்ன?

இந்த மீனுக்கு முதுகெலும்புக் கோவை கிடையாது. அந்த இடத்தில் எண்ணெய் போன்ற திரவம் நிறைந்த குழாய் இருக்கிறது. மண்டைக்குள் 100ல் ஒன்றரைப் பங்கு இடத்தில்தான் மூளை. மீதி பெரும்பாலும் கொழுப்பு.

பல ஆழ்கடல் மீன்களைச் சடுதியில் மேலே இழுத்தால், உள்ளே இருக்கும் காற்றுப்பை வீங்கி வயிறு வாய் வழியாகப் பிதுங்கும். சீலகாந்தின் பையில் காற்று இல்லை, கொழுப்புதான். அதனால் அது வீங்குவதில்லை. ஆனாலும் பிழைப்பதில்லை. ஆழத்தில் குளிர்ந்த நீரில் மெதுவாக வாழ்ந்து பழகியது. செவுள் சிறியது. மேல் நீரின் சூட்டில் மூச்சுத் திணறிச் சில மணி நேரத்தில் இறந்துவிடும்.

ஸ்மித் எல்லாவற்றிலும் சரியாகச் சொல்லிவிடவில்லை. அப்துல்லாவின் மீனுக்கு முதுகின் முன் துடுப்பு இல்லை. உடனே அது வேறு இனம் என்று சொல்லி, மலான் பெயரை வைத்தார். ஊனப்பட்ட அதே இன மீன்தான் அது. துடுப்புகளால் தரையில் நடக்கும் என்று நினைத்து, 1956ஆம் ஆண்டு எழுதிய புத்தகத்துக்கு நான்கு கால் கிழவன் என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். 1987ஆம் ஆண்டு ஹான்ஸ் ஃப்ரிக்கே என்ற ஜெர்மானியர் சிறு நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தார். சீலகாந்த் நடக்கவில்லை. குதிரை ஓடும்போது கால் மாற்றுவதுபோல் துடுப்பை மாற்றி மாற்றி அசைத்து, மெல்ல நீந்தியது. பகலில் குகைகளுக்குள் ஒதுங்கிக் கிடப்பது அதன் வழக்கம்.

அதைக் கேட்க ஸ்மித் இல்லை. 1968ஆம் ஆண்டு ஜனவரி 8ந் தேதி அவர் இறந்தார். அவர் பெயரால் கிரகாம்ஸ்டவுனில் ஏற்பட்ட மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு மார்கரெட் தலைமை தாங்கினார்.

1975ஆம் ஆண்டு நியூயார்க்கில், 1962 முதல் பாதுகாத்து வைத்திருந்த ஒரு பெண் மீனை அறுத்தார்கள். வயிற்றில் 5 குட்டிகள்! ஒவ்வொன்றும் ஓர் அடி நீளம். முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரித்து, குட்டியாக வெளியே வருகிறது என்று உறுதியாயிற்று.

2021ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் செதிலில் உள்ள வளையங்களை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். இந்த மீன் 100 ஆண்டு வரை வாழலாம். பெண் மீன் இனப்பெருக்கப் பருவம் அடைய ஏறக்குறைய 55 வயதாக வேண்டும். சினைக் காலம் 5 ஆண்டு.

2003ஆம் ஆண்டிலிருந்து தான்சானியாக் கடலிலும், சுறாவுக்காக ஆழத்தில் விரித்த வலைகளில் சீலகாந்துகள் மாட்டின. அவற்றை நாடு விட்டு நாடு வணிகத்துக்காக வாங்கவோ விற்கவோ உலக நாடுகளின் ஒப்பந்தம் தடை விதித்திருக்கிறது. வலைக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. ஒரு வலையில் மாட்டும் ஒரு கிழட்டு மீனின் இடத்தை நிரப்ப, கடலுக்கு அரை நூற்றாண்டு தேவைப்படுகிறது.