நாற்றமடிக்கும் வாயுவை உண்ணும் உயிர்கள்

சதுப்புநிலக் காட்டுச் சேற்றில் கால் புதைந்ததும் அழுகிய முட்டை வாடை எழும். அது ஹைட்ரஜன் சல்ஃபைட் என்னும் வாயு. பிராணவாயு எட்டாத சேற்றில், கடல்நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி மட்கிய இலைகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதை வெளியிடுகின்றன. அளவு மிகுந்தால் ஆளையே கொல்லும். அந்த நஞ்சை நம்பி வாழும் உயிர்களும் உண்டு என்று நிறுவியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி.

1856இல் கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படிக்கத் தொடங்கினார்; ஒட்டவில்லை. இசைக் கல்லூரியில் பியானோ பயின்றார்; அதிலும் நிலைக்கவில்லை. கடைசியில் அறிவியலில் காலூன்றினார். எந்தத் துறையை எடுப்பது என்று குழம்பும் மாணவர்களுக்கு இது சற்று ஆறுதலாக இருக்கலாம்.

1885இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அன்டன் டி பாரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். கந்தக ஊற்றுகளில் வெள்ளை நூல்போல் வளரும் பெஜியடோவா பாக்டீரியாவைக் கையிலெடுத்தார். அதன் உடலுக்குள் கந்தகத் துளிகள் மின்னும். நாற்றத்தைக் கிளப்புவதே இதுதான் என்று அக்கால அறிஞர்கள் சிலர் கருதினர்.

வினோகிராட்ஸ்கி சில இழைகளை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்தார். பொறுமையாக நீரை மாற்றி மாற்றி, நுண்ணோக்கியில் கவனித்தார். வாயு கலந்த நீர் கிடைத்தால் துளிகள் பெருகின. அது கிடைக்காவிட்டால் துளிகள் கரைந்து மறைந்தன. பிறகு இழைகள் பட்டினியால் மடிந்தன. மறைந்த கந்தகம் சல்ஃபேட்டாக மாறியிருந்தது. பழி சுமந்த பாக்டீரியா வாயுவை உண்டாக்கவில்லை. அதைப் பிராணவாயுவுடன் சேர்த்து ஆற்றல் பெற்றது! அந்தச் சல்ஃபேட் மீண்டும் சேற்றுக்குப் போய் வாயுவாகும். இயற்கையில் கந்தகம் இப்படித்தான் சுற்றி வருகிறது.

முடிவுகள் 1887இல் வெளிவந்தன. தாவரம் சூரிய ஒளியால் வாழ்கிறது, மற்றவை பிற உயிர்ப்பொருளைத் தின்று வாழ்கின்றன என்ற கணக்கில் மூன்றாவது வழி ஒன்று சேர்ந்தது.

ரஷ்யப் புரட்சியில் சொத்துகளை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 1922இல், 66 வயதில், பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தின் அழைப்பை ஏற்று மண் நுண்ணுயிர் ஆய்வை மறுபடி தொடங்கினார். 1953இல் மறைந்தார். அதற்கு 24 ஆண்டுகளுக்குப் பின், கலாபகோஸ் தீவுகளருகே வெளிச்சமே புகாத ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில், இதே வாயுவை உண்ணும் பாக்டீரியாக்களை அண்டி வாழும் பெரும் உயிர்க்கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது.

அவர் பெயரிலான சோதனையை இன்றும் மாணவர்கள் செய்கிறார்கள். குளத்துச் சேற்றுடன் கிழித்த காகிதமும் முட்டை மஞ்சள் கருவும் கலந்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் நிரப்பிச் சன்னலோரம் வைக்க வேண்டும். சில வாரங்களில் கறுப்பு, பச்சை, ஊதா அடுக்குகள் தோன்றும். குடுவையைத் திறப்பதற்குமுன் சன்னலைத் திறந்துவிடுங்கள்.